தைப்பூசப் பயணமும் கைச்செலவும்



தோட்டப்புறங்களில் வாழும் நம் குடும்பங்கள் ஆண்டுதோறும் தவறாமல் மேற்கொள்ளும் பயணம் ஒன்று உண்டென்றால் அது தைப்பூசப் பயணமே. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது தாய் வேண்டிக்கொண்ட பால்குடம் இருக்கும். மகனுக்கு வேலை கிடைத்தால் முடி இறக்குவதாகத் தந்தை சொன்ன சொல் இருக்கும். ஆதலால் பணமில்லை, இவ்வாண்டு வேண்டாம் என்று யாரும் எளிதில் சொல்லிவிடுவதில்லை. சொல்ல வேண்டும் என்று நாமும் கூற வரவில்லை. போய்வந்த மறுநாளே மளிகைக் கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கும் நிலை ஏன் வருகிறது என்பதைத்தான் இன்று சற்று எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

முதலில் காலத்தைக் கவனியுங்கள். தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வந்துவிடுகிறது. 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் சனவரியில் தொடங்குகிறது. அதை ஒட்டியே தைப்பூசம். புதுத் துணி, புத்தகப்பை, பால்குடம் என்று மூன்று செலவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கதவைத் தட்டுகின்றன. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் ஒருநாள் பயணத்துக்கு 400 ரிங்கிட் போனால், அச்சம்பளத்தில் ஏறக்குறையக் கால் பங்கு கரைந்துவிட்டது என்று பொருள்.

அந்த 400 எப்படிப் போகிறது? சிரம்பான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பத்துமலைக்குப் போகும் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தாய், தந்தை, பாட்டி, மூன்று பிள்ளைகள். வேன் வாடகையில் இவர்கள் பங்கு 120. சாப்பாடு, குளிர்பானம் 110. பலூன், பொம்மை, வளையல் 90. பால்குடப் பொருள்கள், அர்ச்சனை, காணிக்கை எல்லாம் சேர்ந்து 80. கூட்டினால் 400. ஆனால் வேண்டுதலுக்கு ஆனது 80 ரிங்கிட் மட்டுமே! மீதி 320 வழியிலும் கடைத்தெருவிலும் போயிற்று. முருகனுக்காகக் கடன்பட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

வேண்டுதல் செலவில் கை வைக்க வேண்டாம். மற்றவற்றைப் பார்ப்போம்.

பயணச் செலவு முதலாவது. முன்னாளில் தோட்டத்து லாரியில் பாய் விரித்துப் பாட்டுப் பாடிக்கொண்டே போனவர்கள் நம்மில் உண்டு. சரக்கு லாரியில் ஆளேற்றுவது ஆபத்து, சட்டமும் இடங்கொடாது. கார், வேன் என்றால் பத்துமலையைச் சுற்றிய சாலைகளைத் தைப்பூசத்தின்போது அடைத்துவிடுகிறார்கள். வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு நெடுந்தூரம் நடக்க வேண்டியதுதான். ரயிலோ கோயில் வாசலருகிலேயே இறக்கிவிடுகிறது. 2010 முதல் பத்துமலைக்குக் கொமியூட்டர் ரயில் ஓடுகிறது. புலாவ் செபாங், ரெம்பாவ், சிரம்பான் பக்கத்தார் ஒரே ரயிலில் வந்து சேரலாம். தஞ்சோங் மாலிம், ரவாங், கிள்ளான் பக்கத்தார் கோலாலம்பூரில் ஒருமுறை மாறினால் போதும். பிள்ளைகளுக்கும் 60 வயது நிறைந்த மூத்தோருக்கும் சலுகைக் கட்டணம் உண்டு. பாட்டியின் அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். செலவைக் குறைப்பதாக எண்ணிப் பாட்டியை லயத்திலேயே விட்டுவிட்டுப் போகும் வீடுகள் உண்டு. பெரும்பாலும் வேண்டிக்கொண்டவரே அவர்தான்! சலுகைக் கட்டணத்தில் வரக்கூடியவரை வீட்டில் விடுவதில் என்ன மிச்சம்?

டச் என் கோ அட்டை வைத்திருப்போர் முதல்நாளே அதில் பணம் போட்டுவிட வேண்டும். ஓர் அட்டையில் ஒருவர்தான் போக முடியும். தோட்டத்திலிருந்து ரயில் நிலையம் வரை இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வண்டி பிடிக்கலாம்.

தோட்டமே சேர்ந்து பேருந்து பிடிப்பதும் நல்லதுதான், பணத்தை முன்னதாகவே வாங்கிவிட்டால். 40 பேர் வருவதாகச் சொல்லி 1,600 ரிங்கிட்டுக்குப் பேருந்து பேசினால் ஆளுக்கு 40. அன்று காலையில் 28 பேர்தான் வந்தார்கள் என்றால் ஆளுக்கு 57க்கு மேல் விழும். பிறகு மனக்கசப்புத்தான். பேராக்கில் உள்ளவர்களுக்கு ஈப்போ கல்லுமலை இருக்கிறது. வடக்கே உள்ளவர்கள் பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டிறங்கிப் படகேறினால் பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போய்விடலாம். எல்லாரும் பத்துமலைக்கே வர வேண்டும் என்பதில்லை.

அடுத்தது சாப்பாடு. புளிச்சோறு ஒரு நாள் முழுதும் கெடாது. இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழையிலையில் கட்டினால் பிள்ளைகள் மறுக்க மாட்டார்கள். ஆளுக்கொரு போத்தல் தண்ணீர் வீட்டிலிருந்தே வரட்டும். தண்ணீர்ப் பந்தல்களிலும் அன்னதானத்திலும் பசியாற வழியுண்டு. அதை வாங்கிச் சாப்பிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உணவை வீணாக்கினால்தான் வெட்கம்.

பொம்மைக் கடையில்தான் பெற்றோர் தோற்றுப்போகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் 5 ரிங்கிட் தாளைக் கொடுத்து, இதற்குள் என்ன வேண்டுமானாலும் வாங்கிக்கொள் என்று சொல்லிப் பாருங்கள். அப்பாவின் பணம் என்றால் கண்டதையெல்லாம் கேட்கும் பிள்ளை, தன் பணம் என்றதும் நான்கு கடை ஏறி விலை கேட்கும். சில்லறையோடு திரும்பினாலும் வியப்பில்லை. பாட்டிக்கும் ஒரு 5 ரிங்கிட் கொடுங்கள்.

இப்பொழுது கணக்கைத் திரும்பப் போடுவோம். ரயிலுக்கும் நிலையம் போகும் வண்டிக்கும் 80, கட்டுச்சோற்றுச் சாமான் 20, பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் 20, வேண்டுதலுக்கு அதே 80. ஆக 200 ரிங்கிட். ரயில் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த 200ஐத் தீபாவளிக்குப் பிறகு சேர்க்கலாம் என்று எண்ணினால் நடக்காது. அப்போது கையில் ஒன்றும் மிஞ்சியிராது. ஆகஸ்டு சம்பளத்தில் தொடங்கி டிசம்பர் வரை மாதம் 40 ரிங்கிட் ஒதுக்கினால் சேர்ந்துவிடும். அக்கம்பக்கத்தில் கூட்டுப் பிடித்துச் சேர்ப்பது நம்மவர் பழக்கம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. பணத்தோடு ஆள் மறைந்துவிட்டால் போய்க் கேட்க வழியிராது. 1974இல் தொடங்கிய தேசிய சேமிப்பு வங்கியில் சிறு தொகையையும் போட்டு வைக்கலாம். சிறு தொகை என்று எளிதாக நினைக்காதீர்கள். 1960இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது. ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் முதல் எப்போதும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்கு ஒன்று உள்ளது. அதைத் திருவிழாவுக்குத் தொட வேண்டாம். வட்டி முதலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பயணத்தன்று, திரும்பிவரும் செலவுக்கான பணத்தை மட்டும் தனியே ஓர் உறையில் போட்டுப் பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். மற்றவர்கள் 272 படி ஏறிப்போன நேரத்தில் அவர் கீழே நிழலில், சோற்றுப் பையோடு உட்கார்ந்திருக்கட்டும். அந்த உறையை எந்தப் பொம்மைக்காரனாலும் அவரிடமிருந்து வாங்கிவிட முடியாது.