பூச்சியும் புரதமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பூச்சி உணவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் சில முகங்கள் சுளிப்பது தெரிகிறது. கவலைப்படாதீங்க, மதியம் சாம்பாரும் பாயசமும்தான்! ஆனால் உங்களில் எத்தனை பேர் ஈசல் தின்றிருக்கிறீர்கள்? மழை ஓய்ந்த அந்தியில் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் பிடித்து, முறத்தில் புடைத்து இறக்கையை நீக்கி, வறுத்து, வறுத்த அரிசியோடு கலந்து தின்பது நம் கிராமங்களில் பழைய வழக்கம். இருளர் மக்களிடம் அது இன்னும் இருக்கிறது. அஸ்ஸாமில் எரிப் பட்டின் கூட்டுப்புழுவை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். தாய்லாந்தில் சுவர்க்கோழியைப் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். உலகில் மனிதர் தின்னும் பூச்சியினங்கள் 1,900-க்கு மேல் என்று ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் எழுதியது. சிங்கப்பூர் அரசு 2024-இல் 16 இனங்களுக்கு அனுமதி தந்தது.

சரி, சத்து எவ்வளவு? வேதியியல் படித்தவன் என்பதால் கொஞ்சம் கணக்குப் பார்க்கிறேன்.

உலர்ந்த சுவர்க்கோழி மாவில் புரதம் 60 சதவீதத்துக்கு மேல், இறைச்சியைவிட மூன்று பங்கு என்று விளம்பரம் வரும். அங்கேதான் நாம் முழிச்சுக்கணும். பச்சைப் பூச்சியில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் பச்சைச் சுவர்க்கோழியில் புரதம் 8 முதல் 25 கிராம். மாட்டிறைச்சியில் 19 முதல் 26 கிராம். உலர்ந்ததை உலர்ந்ததோடுதானே ஒப்பிட வேண்டும்?

இன்னொன்று, நம் ஆய்வகத்தில் செய்த கெல்டால் சோதனை ஞாபகம் இருக்கிறதா? நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவோம். பூச்சியின் ஓட்டில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் உண்டு. அதுவும் புரதக் கணக்கில் சேர்ந்துவிடும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் மூன்று வகைப் புழுக்களை ஆராய்ந்து, 4.76-ஆல் பெருக்குவதே சரி என்றார்கள். 10 கிராம் நைட்ரஜன் என்றால் 62.5 கிராம் புரதம் 47.6 ஆகிவிடுகிறது. குறைந்தாலும் நல்ல அளவுதான்! கூடவே இரும்பும் துத்தநாகமும் பல பூச்சிகளில் கிடைக்கின்றன.

தீவனக் கணக்கும் பாருங்கள். மாடு ஒரு கிலோ எடை கூட ஏறக்குறைய 8 கிலோ தீவனம் வேண்டும். பூச்சிக்குச் சராசரி 2 கிலோ போதும். பூச்சி தன் உடம்பைச் சூடாக வைத்திருக்கத் தீனியைச் செலவழிப்பதில்லை. ஆனால் கோழித் தீவனத்தையே போட்டு வளர்த்தால் கோழியைவிட லாபம் அதிகமில்லை.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பூச்சியும் ஒவ்வாமை தரலாம். மருந்தடித்த வயலில் பிடித்ததைத் தொடவே கூடாது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இப்படிப்பட்ட நாட்டில், வீட்டில் ஈசல் தின்னும் பிள்ளையைப் பார்த்து வகுப்பில் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பிள்ளை தின்பதை நிறுத்துகிறது. வெளிநாட்டுப் பொட்டலத்தில் வந்தால் அதே பண்டம் புரத உணவு! இது என்ன நியாயம்?

எல்லாரும் பூச்சி தின்னுங்கள் என்று நான் கேட்கவில்லை. சைவர் சைவராகவே இருக்கட்டும். மாணவர்களிடம் கேட்பது இரண்டே. விடுதியில் யார் தட்டையும் பார்த்து ஏளனம் செய்யாதீர்கள். அடுத்த மழைக்காலத்தில் ஈசலை ஆய்வகத்துக்குக் கொண்டு வந்து, ஈரம், கொழுப்பு, புரதம், இரும்பு எல்லாம் முறையாக அளந்து பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பட்டு நூற்ற பின் மிஞ்சும் கூட்டுப்புழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைத்த எண்ணை, அதைத் தின்னும் மக்களிடமே போய்ச் சொல்லுங்கள். அவர்கள் அறிவுக்கு நாம் செய்யும் மரியாதை அது.