ஒருமையும் பன்மையும்: ஆங்கிலத்தில் நாம் இடறும் இடம்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேச எழுந்து, ஒருமை பன்மையிற் பிழைவிட்டு, பிறர் சிரிப்புக்கு அஞ்சிப் பின்பு வாய் திறவாதிருக்கும் இளைஞர் நம்மிடையே பலர். அவர்களுக்கு நான் முதலிற் சொல்ல விரும்புவது ஒன்று. இப்பிழை அறிவுக்குறைவால் வருவதன்று. தமிழ் வழக்கு நம் நாவில் நன்கு ஊறியிருப்பதால் வருவது.

எங்ஙனமெனில், நாம் "பத்து மாங்காய்" என்கிறோம். பத்து என்ற எண்ணே பன்மையைக் காட்டுதலால் "கள்" வேண்டுவதில்லை. ஆங்கிலமோ எண்ணைச் சொன்ன பின்னும் பன்மை விகுதியைக் கேட்கும். "ரென் மாங்கோஸ்" என்றே சொல்லல் வேண்டும். "அப்பா வருகிறார்" என்கிறோம். அப்பா ஒருவரே; ஆயினும் மரியாதை பற்றிப் பலர்பால் விகுதி கொடுக்கிறோம். ஆங்கிலப் படர்க்கை வினைக்கு இம்மரியாதை தெரியாது. அரசனாயினும் ஆண்டியாயினும் ஒருவர் ஒருவரே; "கம்ஸ்" என்றே வரும்.

இந்த "ஸ்" ஒரு விந்தை செய்கிறது. பெயரோடு சேர்ந்தாற் பெரும்பாலும் பன்மை. நிகழ்கால வினையோடு சேர்ந்தாற் படர்க்கை ஒருமை. "த பேர்ட் சிங்ஸ்" என்றால் ஒரு பறவை பாடுகிறது. "த பேர்ட்ஸ் சிங்" என்றாற் பல பாடுகின்றன. பொதுவாக ஒன்றில் வந்தால் மற்றதில் வாராது என்று மனத்திருத்துங்கள்.

அடுத்தது, எழுவாயைத் தேடிப் பிடித்தல். "வன் ஒவ் த போய்ஸ்" என்றதும் அருகில் நிற்கும் "போய்ஸ்" நம்மை மயக்கும். எழுவாய் "வன்" ஆதலால் "இஸ்" என்பதே சரி. "த நம்பர் ஒவ் ஸ்ரூடன்ற்ஸ்" என்பது மாணவரின் தொகை, அதற்கு "இஸ்". "ஏ நம்பர் ஒவ் ஸ்ரூடன்ற்ஸ்" என்பது மாணவர் பலர், அதற்கு "ஆர்". சிறு சொல் ஒன்று மாற வினையே மாறிவிடுகிறது. "நியூஸ்" பன்மை போலத் தோன்றினும் ஒருமை. "அட்வைஸ்", "பேர்னிச்சர்" என்பன பன்மை விகுதி ஏலா.

இவையெல்லாம் நமக்கு முற்றும் புதியனவோ? "மாடு வந்தது", "மாடு வந்தன" என்பவற்றைப் பாருங்கள். பெயர் ஒன்றே, எண்ணைச் சொல்வது வினை. நன்னூலார் இதனைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பர். ஆங்கிலத்து "ஷீப்" என்ற சொல்லும் அத்தகையதே. ஒருவரிடம் பேசும்போதும் "யூ ஆர்" என்கிறார்களே, அது ஏன்? முன்னாளில் ஒருமைக்குத் "தௌ" இருந்தது. பன்மையாகிய "யூ" மரியாதை பற்றி ஒருவருக்கும் வழங்கி, நாளடைவில் அதனைத் தள்ளிவிட்டது. நம் "நீங்கள்" நினைவுக்கு வரவில்லையா?

ஆறுமுக நாவலர் (1822–1879) யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றவர். அவரே இலக்கணச் சுருக்கம் எழுதித் தமிழ் மாணவர்க்கு வழி காட்டினார். ஒரு மொழியின் இலக்கணம் மற்றொன்றுக்குப் பகையன்று.

ஆகவே இளைஞர்களே, நாள்தோறும் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். எழுவாயின் கீழே கோடிட்டு, வினை அதற்கு இயைகிறதா என்று பாருங்கள். பிழை வரும், வரட்டும். ஒருவர் பிழைவிட்டால் மற்றவர் சிரியாது திருத்துக. அதுவே இச்சங்கத்தார் ஒருவருக்கொருவர் செய்யத்தக்க உதவி.