முறையும் முறையியலும்

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'முறையியல்' என்னும் சொல் மிகுதியாக வழங்குகின்றது. சொல் நீண்டால் பொருளும் சிறக்கும் என்றெண்ணி, 'முறை' என்று எழுதவேண்டிய இடத்திலும் 'முறையியல்' என்று எழுதுவார் உளர். இரண்டும் ஒன்றல்ல. ஒரு காரியத்தைச் செய்யும் ஒழுங்கான வழி முறை எனப்படும். அவ்வழி தக்கதா, அது தரும் முடிவு நம்பத்தக்கதா என்று ஆராய்வதே முறையியல். உயிர்களைப் பற்றிய கல்வி உயிரியல் ஆதல்போல, முறைகளைப் பற்றிய கல்வி முறையியல் ஆகும்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. 1848, 1849ஆம் ஆண்டுகளில் இலண்டன் மாநகரில் வாந்திபேதி பரவிற்று. வில்லியம் ஃபார் என்னும் புள்ளிவிவர அறிஞர் இறந்தோர் தொகையை இடந்தோறும் கணக்கிட்டார். தாழ்ந்த நிலங்களிற் சாவு மிகுதி, மேட்டு நிலங்களிற் குறைவு என்று கண்டு, நதியோரத்துக் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று கருதினார். அவர் கையாண்ட முறை ஒழுங்கானதே. ஆயின், தாழ்ந்த நிலத்திற் காற்று மட்டுமா கெட்டிருந்தது? நீரும் கெட்டிருந்ததன்றோ?

1854இல் ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் வேறு வழியை நாடினார். தென் இலண்டனில் இரு கம்பனிகள் ஒரே வீதிகளில் நீர் வழங்கின. ஒன்று 1852இலேயே நகரக் கழிவு கலவாத மேற்பகுதியிலிருந்து நீரெடுக்கத் தொடங்கியிருந்தது. மற்றையது கழிவு கலந்த தேம்ஸ் நதி நீரையே எடுத்தது. ஸ்னோ, சாவு நிகழ்ந்த வீடுகளுக்கு நீர் வழங்கிய கம்பனி எதுவென விசாரித்தார். வீட்டார் அறியாவிடத்து நீரின் உப்பைச் சோதித்து அறிந்தார். பத்தாயிரம் வீடுகளுக்கு முன்னதில் 37 பேரும் பின்னதில் 315 பேரும் இறந்தமை தெரியவந்தது.

விசாரித்ததும் சோதித்ததும் எண்ணியதும் முறை. வீதி ஒன்று, காற்று ஒன்று. செல்வரும் வறியவரும் இரு பக்கத்தும் உளர். வேறுபட்டது நீர் மட்டுமே. ஆதலால் இவ்வொப்பீடு தகும் என்று காட்டியது முறையியல். அன்றைய அதிகாரிகள் இதனை உடனே ஏற்றிலர். 1866இல் நோய் மீண்டும் வந்தபோது ஃபாரும் நீரே காரணம் என்று கண்டார். ஸ்னோ அதற்கு முன்னரே, 1858இல், மறைந்துவிட்டார்.

எனவே, மாணவர் ஒருவர் தாம் செய்தவற்றை மட்டும் வரிசைப்படுத்தினால், அதற்கு 'முறை' என்றே தலைப்பிடுதல் வேண்டும். 'எவ்வாறு செய்தாய்?' என்பதற்கு விடை முறை; 'ஏன் அவ்வாறு செய்தாய்?' என்பதற்கு விடை முறையியல். இரண்டாம் வினாவுக்கு விடையில்லாத ஆராய்ச்சி, எத்துணை ஒழுங்காக நடந்தாலும், தவறான ஊருக்கே கொண்டு சேர்க்கக்கூடும்.