கான்பூரில் உயிர்பெற்ற லிபரேட்டர்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், பிரிட்டிஷ் விமானப்படை தன் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் கைவிட்டது. சும்மா விடவில்லை, இனி யாரும் ஓட்டக்கூடாதென்று அவற்றைச் சிதைத்துவிட்டே போனது.

1948இல் பெங்களூரு ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை ஆட்கள் அங்கே போனார்கள். ஒன்றில் கழற்றியதை இன்னொன்றில் மாட்டி, எப்படியோ பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். அந்த அரைகுறை விமானங்களைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி பெங்களூருக்கு ஓட்டிவந்தார். என்ன நெஞ்சுரம், பாருங்கள்! முழுப் பழுதுபார்ப்பு அதற்குப் பிறகுதான்.

1968 வரை அவை நம் விமானப்படையில் கடல் ரோந்து சுற்றின. அதற்குள் 18,000க்கும் மேல் செய்யப்பட்ட லிபரேட்டர்களில் பெரும்பாலானவை எங்கெங்கோ உடைத்து உருக்கப்பட்டிருந்தன. அதனால் பிரிட்டன், கனடா, அமெரிக்க அருங்காட்சியகங்கள் இந்தியாவிடம் வந்து நம் லிபரேட்டர்களை வாங்கிப்போயின. அமெரிக்காவில் புதுப்பித்த ஒன்று 1989இல் மறுபடி பறந்தது.