தைராய்டில் வரும் வேறொரு புற்றுநோய்
(மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

தைராய்டு என்றாலே காலையில் வெறும் வயிற்றில் போடும் மாத்திரைதான் ஞாபகம் வரும். நான் பேச வந்தது வேறு. அந்தச் சுரப்பிக்குள் ‘சி செல்’ என்று ஒரு வகை கொஞ்சம் இருக்கிறது. அது தைராய்டு ஹார்மோனைச் சுரக்காது, கால்சிடோனினைச் சுரக்கும். அதில் வரும் புற்றுநோய்க்கு மெடுல்லரி என்று பெயர். அரிதுதான். ஆனால் ஏறக்குறைய நான்கில் ஒன்று குடும்பவழியாக வருவது.

கால்சிடோனின் ஜீன் எல்லா செல்லிலும் இருக்கிறது; எல்லா செல்லும் அதைப் பயன்படுத்துவதில்லை. சி செல் அதிலிருந்து கால்சிடோனினைச் செய்கிறது. நரம்பு செல் அதே ஜீனின் செய்தியை வேறுவிதமாக வெட்டி ஒட்டி, இரத்தக் குழாயை விரிக்கும் இன்னொரு பொருளைச் செய்கிறது. ஒரே துணியில் ஒரு தையல்காரர் சட்டையும் இன்னொருவர் பாவாடையும் தைப்பது போல! அமெரிக்காவில் ரோசன்ஃபெல்டும் சகாக்களும் 1982இல் இதை வெளியிட்டார்கள். துப்பு கிடைத்தது எலியின் மெடுல்லரி கட்டியில். எலிக்கு எலி மாற்றி வளர்த்தபோது சில கட்டிகள் கால்சிடோனினைக் குறைத்துக்கொண்டு மற்றதைச் செய்யத் தொடங்கின.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? ஆபரேஷனுக்குப் பிறகு இரத்தத்தில் கால்சிடோனின் ஏறினால் நோய் மிச்சமிருக்கிறது என்று பொருள். ஆனால் கட்டி முரட்டுத்தனமாக மாறும்போது சில சமயம் அந்த ஜீனின் வேலையே மங்கிவிடும். நோய் வளரும், கால்சிடோனின் இறங்கும். அதனால்தான் டாக்டர் கூடவே சி.இ.ஏ. பரிசோதனையும் எழுதுகிறார். “நம்பர் குறைந்துவிட்டதே” என்று நீங்களாகப் போவதை நிறுத்திவிடாதீர்கள். ரேடியோ அயோடின் மருந்தும் இதற்கு உதவாது. சி செல் அயோடினை இழுக்காது.

குடும்பவழி நோய்க்குக் காரணம் ரெட் என்ற ஜீனில் உள்ள பழுது. 1993இல் கண்டறிந்தார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பழுது இல்லாத பிள்ளைக்குக் கவலை விட்டது. இருக்கும் பிள்ளைக்கு, புற்று வரும் முன்பே சுரப்பியை எடுத்துவிடலாம். பிறகு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும்.

சம்பந்தம் பேசும் வீடுகளில் இதை மறைக்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்குச் சொல்வது உங்கள் விருப்பம். கூடப்பிறந்தவர்களிடம் மறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கும் அது இருக்கலாம். பயாப்சி ரிப்போர்ட்டில் ‘மெடுல்லரி’ என்று இருந்தால், அதன் நகலை உங்கள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.