உருக்கினுள் ஒளிந்திருக்கும் வாயு

இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளின் றப்பர்த் தோட்டங்களிலே, பாலை உறையச் செய்வதற்குப் போமிக்கமிலம் வார்ப்பதை நேயர்கள் அறிவர். அந்த அமிலத்தில் ஓர் இரும்புத் துண்டை இட்டால் அதன்மேல் சிறு குமிழிகள் எழும். அவ்வாறு வெளியேறுவது ஐதரசன் வாயு. ஆனால் உண்டாகும் ஐதரசன் முழுவதும் வெளியேறுவதில்லை. ஒரு சிறு பங்கு இரும்பினுள்ளே புகுந்துவிடுகிறது. துருவை அமிலத்திற் கழுவுவோர் அஞ்சவேண்டியது அந்தச் சிறு பங்குக்கே.

இதனை முதன்முதல் ஆராய்ந்து எழுதியோருள் முக்கியமானவர் ஜோன்சன் என்னும் ஆங்கிலேயர். 1875ஆம் ஆண்டிலே இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் அவர் கட்டுரை வந்தது. வளைந்துகொடுக்கும் இரும்புக் கம்பியைச் சில நிமிடம் கடும் அமிலத்தில் தோய்த்தெடுத்தார். அது பட்டென்று முறிந்தது. முறிந்த முகத்தை நனைத்தார், நுரை கிளம்பிற்று. சில நாள் வெளியே வைத்தபோதும், சூடேற்றியபோதும் கம்பி பழைய உறுதியைப் பெற்றது. பெருங்கருவி எதுவுமின்றி, நனைத்துப் பார்த்தே உண்மையைப் பிடித்த கூர்மை வியக்கத்தக்கது.

மிகச் சிறியது ஐதரசன் அணு. இரண்டிரண்டாய்ச் சேர்ந்து வாயுவான பின் அது உருக்கினுள் எளிதிற் புகாது; தனித்து நிற்கும் கணத்திலேயே புகும். உருப்பெருக்கிக் கருவியால் நோக்கினால், உருக்கு ஒரே பாளமாயன்றி, நெருக்கி அடுக்கிய மணிகளின் கூட்டமாய்த் தோன்றும். இடுக்குகளில் ஊர்ந்து செல்லும் ஐதரசன், இழுவிசை மிகுந்த இடங்களையும், மணிகளின் எல்லைகளையும், கண்ணுக்குப் புலப்படாத கீறலின் நுனியையும் நாடிச் சேர்கிறது. அங்கே அணுக்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது என்பர் ஒரு சாரார். அணு வரிசைகளை எளிதில் நழுவச் செய்து கீறலை வளர்க்கிறது என்பர் வேறொரு சாரார். வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பத்து இலட்சம் பங்கில் சில பங்கு ஐதரசனே இதற்குப் போதும்.

விந்தை யாதெனில், மென்னுருக்கு பெரும்பாலும் இதனைப் பொறுத்துக்கொள்ளும். வன்மை ஏற்றிய உருக்கே முறியும். அதுவும் உடனே அன்று. 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், சான் பிரான்சிஸ்கோவின் புதிய பாலத்தில் நாகம் பூசிய 96 பெருங்கோல்கள் முறுக்கி இறுக்கப்பட்டன. சில நாட்களுள் 32 கோல்கள் முறிந்தன.

முலாம் பூசும் ஆலைகளில், வன்னுருக்குப் பொருள்களை ஏறக்குறைய 200 பாகை சதமவளவு வெப்பத்திற் பல மணி நேரம் வைத்து ஐதரசனை வெளியேற்றுவர். தோட்டத்துப் பட்டறையில் அவ்வசதி ஏது? ஆகவே பொறியின் சுருள்வில்லுக்கும், பாரந்தூக்கும் கொளுக்கிக்கும், வன்னுருக்கு ஆணிக்கும் கம்பித் தூரிகையே ஏற்றது. அமிலத்தில் ஊறிய ஆணி புத்தாணிபோற் பளபளக்கும்; பார்வையிடுவோர் கண்ணுக்கு அதிற் குறை தெரியாது. அத்தகையதைச் சுமை தாங்கும் இடத்திற் பூட்டாது ஒதுக்கிவிடுதல் வேண்டும். முறியும்போது அதன் கீழே ஒரு தொழிலாளி நிற்கக்கூடும்.