நாவுக்கு அபராதம், ஏழைக்குத் தர்மம்

(காஞ்சிபுரம் தர்பியா நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

நாம் தொழுகிறோம், நோன்பு வைக்கிறோம், ஜகாத் கொடுக்கிறோம். ஆனால் பைக்கில் ஏறி ராஜாஜி மார்க்கெட் பக்கம் போய்விட்டால் நம் வாய் என்ன பேசுகிறது? ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே திரும்பிவிட்டால், அவனுடைய தாயையும் தங்கையையும் இழுக்காமல் நமக்குப் பேச வருகிறதா?

பிறரைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் கதையையே சொல்கிறேன். ஒரு நாள் மகனைப் பின்னால் உட்கார வைத்துக் காந்தி ரோட்டில் போனேன். நெய்து முடித்த சேலைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் குறுக்கே வந்துவிட்டார். என் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை விழுந்தது. அவர் திருப்பித் திட்டவில்லை. என் தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு, "பாய், நீங்களுமா இப்படிப் பேசுறீங்க?" என்றார். வீட்டுக்கு வந்ததும் மகன் கேட்டான்: "அத்தா, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

சிந்தித்துப் பாருங்கள்! அந்தப் பெரியவர் குர்ஆனைப் படித்திருக்க மாட்டார். அவர் படித்தது என்னைத்தான். மேடை போட்டு நூறு முறை சொன்ன மார்க்கத்தை நடுத்தெருவில் ஒரே வார்த்தை கெடுத்துவிடுகிறது. வைகாசி கருட சேவை நாளில், கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில் அதே வார்த்தை விழுந்தால், அது இரு சமூகங்களின் சண்டையாக மாற எவ்வளவு நேரமாகும்?

ஒரு பயணத்தில் அன்சாரிப் பெண்ணொருவர் தாம் ஏறிவந்த ஒட்டகத்தைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதன் சுமையை இறக்கிவிட்டு, அதை விட்டுவிடும்படி கட்டளையிட்டார்கள். இது முஸ்லிமில் பதிவான செய்தி. வாகனத்தைச் சபித்ததற்கே இந்த நிலை என்றால், மனிதனைத் திட்டுவது எத்தகையது?

இதற்கு வழி என்ன? 'வா, சூதாடலாம்' என்று நண்பனை அழைத்தவனைத் தர்மம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நாவின் தவறுக்குக் கையால் பரிகாரம்!

இமாம் மாலிக்கின் மாணவரான எகிப்து அறிஞர் இப்னு வஹ்ப் (மறைவு ஹிஜ்ரி 197) புறம் பேசும்போதெல்லாம் ஒரு நோன்பு நோற்பதென்று முடிவு செய்தார். புறமும் நிற்கவில்லை, நோன்பும் நிற்கவில்லை. பிறகு, ஒவ்வொரு முறைக்கும் ஒரு திர்ஹம் தர்மம் என்று மாற்றினார். காசின் மீதிருந்த ஆசையே அவருடைய நாவைக் கட்டியது.

நானும் வீட்டில் ஓர் உண்டியல் வைத்தேன். ஒரு வார்த்தைக்குப் பத்து ரூபாய். முதல் வாரம் எழுபது ரூபாய் சேர்ந்தது. பத்து ரூபாய் எனக்கு வலிக்கவில்லை என்பது புரிந்தது. நூறாக்கினேன். கணக்கு வைப்பவன் என் மகன். பணம் போவது ஒரு விதவையின் வீட்டுக்கு. இப்போது ஹாரனைத் தொடும் முன்பே நாக்கு மடங்கிக்கொள்கிறது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். காசு கொடுத்துவிட்டோம், இனித் திட்டலாம் என்பதற்கு இது அனுமதிச் சீட்டு அல்ல. இது ஜகாத் கணக்கிலும் சேராது. திட்டப்பட்டவரின் உரிமை, அவரிடம் மன்னிப்புக் கேட்கும்வரை நம் கழுத்தில்தான் தொங்கும். அந்தப் பெரியவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இன்றே உங்கள் வீட்டிலும் ஓர் உண்டியல் வையுங்கள். அது நிறையாமல் இருக்கப் பாடுபடுங்கள். வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாப்பானாக!